ஆயில் எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் முன்: எந்தச் சூடு வடிகட்டி நமக்கு?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அதையே வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர்போல ஓடும். டீசல் எஞ்சினை எண்ணெயில் ஓட்டும் பாடத்தில் பாதி இந்தப் பாட்டிலிலேயே இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

பல்லடம், காங்கயம், அவிநாசிப் பக்கத்துக் காலனிகளுக்குப் போகும்போது தம்பிகள் நம்மிடம் கேட்கிறார்கள்: "டீசல் விற்கிற விலைக்கு, ஓட்டலில் பொரித்து மீந்த எண்ணெயை ஊற்றி ஓட்டலாம்னு சொல்றாங்களே! சூடு பண்ற ஃபில்டர் ஒன்னு மாட்டினா போதுமாமே! எதை வாங்கறதுங்கண்ணா?"

ஓட்டலாம் என்பது உண்மை. ஒரு ஃபில்டர் மாட்டினால் போதும் என்பது உண்மையல்ல. தவறான ஃபில்டரை வாங்கினால் டீசல் பம்ப் போகும், நாசில் போகும், சில சமயம் எஞ்சினே போகும். நாலு எஞ்சின் வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் அது ஒரு செலவு. கடன் வாங்கி ஒரே ஒரு எஞ்சின் வைத்திருப்பவருக்கு அது பிழைப்பே போவது. அதனால்தான் இந்தப் பத்தியில் இந்த வாரம் ஒரு ஃபில்டரைப் பற்றிப் பேசுகிறோம்.

யார் கையில் இன்னும் டீசல் எஞ்சின்?

கொங்கு மண்ணில் மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், கிணற்றுக்குள் இறங்கி ஏறும் தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தண்ணீர் ஒழுகாமல் தோலைத் தைப்பது சாதாரண வேலையல்ல. தோலின் குணம், நூலின் இறுக்கம், தண்ணீரின் கனம் எல்லாம் தெரிந்த கைகள் அவை. மின் மோட்டாரும் ஆயில் எஞ்சினும் வந்தபோது அந்தத் தொழில் போனது. ஆனால் அந்த எஞ்சினை நிறுத்தி வைக்க ஒரு கிணறோ, அதைப் பிரித்து மாட்ட ஒரு பட்டறையோ நம் மக்களில் மிகச் சிலருக்கே வாய்த்தது.

1990இல் தமிழக அரசு எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரத்தை இலவசமாக்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் இலவச மின்சாரம் கிணறும் இணைப்பும் இருப்பவருக்கே போய்ச் சேரும். குத்தகைக்கு உழுபவர், இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர், ஓடை ஓரம் துண்டு நிலம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு வாடகை ஆயில் எஞ்சின்தான் கதி. திருப்பூரில் நாலைந்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர்தான் துணை. 2012இல் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனபோது, பெரிய கம்பெனிகள் டீசல் போட்டுச் சமாளித்தன. சின்ன யூனிட்டுகள் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தன.

இதே வட்டாரத்தின் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிய தலித் தொழிலாளர்கள் கடன் தீரும்வரை முதலாளியைவிட்டு நகர முடியாமல் கட்டுண்டு கிடப்பதை, கிரேஸ் கார்ஸ்வெல், ஜெஃப் டி நெவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியான ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டிலிருந்து வெளியே வந்து சொந்தமாக ஒரு இயந்திரம் வைப்பதென்பது சாதாரணக் காரியமல்ல. அந்த இயந்திரத்தை ஒரு தவறான ஃபில்டருக்குப் பலி கொடுக்கக் கூடாது.

எண்ணெயைச் சூடாக்குவது ஏன்?

எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுவது புதுச் செய்தியல்ல. 1900ஆம் ஆண்டு பாரீஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. எண்ணெய் மாறியிருப்பதே பார்த்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை என்று, எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் பின்னாளில் குறிப்பிட்டார். 1990களில் பசிபிக் கடலில் உள்ள பூகன்வில் தீவைப் பப்புவா நியூ கினி அரசு முற்றுகையிட்டு எரிபொருளைத் தடுத்தபோது, அத்தீவு மக்கள் தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். அதே ஆண்டுகளில் பொருளாதாரத் தடையில் சிக்கிய யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் சிறிது பெட்ரோலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நல்ல எரிபொருளில் கிளப்பி, சூடேறியதும் மற்றதற்கு மாற்றும் அந்த முறையேதான் எண்ணெய் எஞ்சினுக்கும் அடிப்படை.

டீசலைவிட எண்ணெய் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியானது. 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பிசுக்கு அளவு 2 முதல் 4.5 வரை இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு அதே சூட்டில் இந்த அளவு 30 முதல் 40 வரை இருக்கும். கெட்டியான எண்ணெய் ஃபில்டர் தாளில் நுழையத் திணறும். நுழைந்தாலும் நாசிலில் பனிபோலத் தெறிக்காமல் நூல்போலப் பீய்ச்சும். பாதி எரிந்து கரியாகும். மீதி பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்து அதைக் களியாக்கும். எண்ணெயை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தக் கெட்டி மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஃபில்டரைச் சூடாக்குவது இதற்காகத்தான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஓட்டலில் மீந்த எண்ணெயில் பெரும்பங்கு பாமாயில். கோழி பொரித்த கொழுப்பும் சேர்ந்திருக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாதக் காலைகளில் அது ஃபில்டருக்குள் மெழுகாக நிற்கும். 'நம்ம ஊர் வெயிலுக்குச் சூடாக்கவே தேவையில்லை' என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

மூன்று எஞ்சின், மூன்று பதில்

சூடாக்கும் ஃபில்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ரேடியேட்டர் சுடுநீரைத் தன்னைச் சுற்றி ஓடவிட்டுச் சூடாவது. மற்றது, பேட்டரி மின்சாரத்தில் சூடாவது. இரண்டையும் சேர்த்துச் செய்த வகையும் கிடைக்கும். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. நம் எஞ்சின் எது என்பதைப் பொறுத்தே சொல்ல முடியும்.

முதலாவது, ரேடியேட்டரும் பேட்டரியும் உள்ள ஜெனரேட்டர். இதற்குச் சுடுநீர் ஃபில்டர்தான் முதல் தேர்வு. எஞ்சின் எப்படியும் வீணாக்கும் சூட்டைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அதனால் தனிச் செலவில்லை. தண்ணீரின் சூட்டைத் தாண்டி எண்ணெய் சூடேறாது என்பதால் கருகும் பயமும் இல்லை. எஞ்சின் சூடேறப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதுவரை டீசலில் ஓட வேண்டும். அவ்வளவுதான் குறை.

மின்சார ஃபில்டர் உடனே சூடாகும். ஆனால் 150 வாட் ஹீட்டர், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சார்ஜ் ஏறும் வேகத்தைவிட இழுப்பு அதிகமானால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மின்சார வகைதான் வேண்டுமென்றால், சூடு ஏறியதும் தானே அணையும் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூசும் ரிலேயும் இல்லாமல் மாட்டாதீர்கள்.

இரண்டாவது, தோட்டத்து ஆயில் எஞ்சின். விளம்பரப் படத்தைப் பார்த்துப் பலர் ஏமாறுவது இங்கேதான். கையால் சுற்றிக் கிளப்பும் எஞ்சினில் பேட்டரி கிடையாது. எனவே மின்சார ஃபில்டர் உதவாது. கிணற்றுத் தண்ணீரே எஞ்சினுக்குள் ஓடி வெளியேறும் வகையென்றால், வெளிவரும் தண்ணீர் பெரும்பாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சுடுநீர் ஃபில்டரும் உதவாது. காற்றில் குளிரும் எஞ்சினில் தண்ணீரே கிடையாது. ஆக, வெளிநாட்டுக் காருக்குச் செய்த ஃபில்டரை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி இதில் மாட்டினால், அது சூடே ஆகாத வெறும் டப்பா.

இந்த எஞ்சினுக்கு வழி, தண்ணீரை ஓடவிடாமல் டிரம் வைத்துச் சுழலவிடுவது. டிரம் தண்ணீர் சூடேறியபின், அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துச் சுடுநீர் ஃபில்டருக்குக் கொடுக்கலாம். டிரம்மில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சிலர் எண்ணெய்க் குழாயைப் புகைக்குழாயில் சுற்றிச் சூடாக்கச் சொல்வார்கள். புகைக்குழாயின் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும். அங்கே எண்ணெய் கருகி அடைக்கும், கசிந்தால் தீப்பிடிக்கும். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கரண்ட் காயிலை எண்ணெய் கேனுக்குள் விடுவதும் அதே அளவு ஆபத்து. காயிலை ஒட்டிய எண்ணெய் கருகும். தொட்டால் ஷாக் அடிக்கும். இரண்டையும் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, சரக்கு வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான பி.எஸ். 6 வண்டிகளில் எண்ணெய் என்ற பேச்சே கூடாது. காமன் ரெயில் எஞ்சின்களில் எரிபொருள் ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் பாய்கிறது. அதன் நாசில் துளைகள் தலைமுடியைப் போல நுண்ணியவை. எந்தச் சூடு ஃபில்டரும் அவற்றைக் காப்பாற்றாது. பழைய பம்ப் வைத்த வண்டியானாலும் சட்டச் சிக்கல் உண்டு. அதைக் கீழே சொல்கிறோம்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

ஃபில்டர் எண்ணெயின் பாதையில் எங்கே வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். சூடு ஃபில்டர் தாளுக்கு முன்னால் கிடைக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயை வடிகட்டிய பிறகு சூடாக்கினால், தாள் அதற்கு முன்பே அடைத்திருக்கும். ஃபில்டர் டீசல் பம்புக்கு அருகில் இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால் வழியிலேயே எண்ணெய் ஆறிவிடும்.

டீசலுக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி ஃபில்டர் வையுங்கள். இரண்டு பாதையும் சேரும் மாற்று வால்வு ஃபில்டர்களுக்கு அப்பால், பம்பை ஒட்டி இருக்கட்டும். காரணம் எளிய கணக்கு. 5 குதிரைத் திறன் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். அரை லிட்டர் பிடிக்கும் ஒரே ஃபில்டரை இரண்டுக்கும் வைத்தால், நிறுத்தும் முன் அதிலுள்ள எண்ணெய் தீரவே அரை மணி நேரம் டீசலை ஓட்ட வேண்டும். அப்படியானால் மிச்சம் எங்கே? தனி ஃபில்டர் இருந்தால் சிறு குழாயும் பம்பும் மட்டும் சுத்தமானால் போதும். சில நிமிடங்களில் முடியும். எண்ணெய் ஃபில்டருக்குள் இரவில் உறைந்தாலும், மறுநாள் சூடேறியபின் உருகும்.

நாசிலிலிருந்து திரும்பி வரும் குழாயையும் மறக்கக் கூடாது. அது டீசல் டேங்குக்குப் போனால் டீசலில் எண்ணெய் கலந்துவிடும். மறுநாள் 'டீசலில்தான் கிளப்பினேன், ஏன் கிளம்பவில்லை' என்று தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபில்டர் தாளின் கண் அளவு, எஞ்சின் செய்தவர் சொன்ன அளவுதான். பழைய எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 10 மைக்ரான். அதைவிடப் பொடிசு நல்லது என்று வாங்கினால் சீக்கிரம் அடைக்கும். பெரிசு மலிவு என்று வாங்கினால் தூசு பம்புக்குள் போகும். கெட்டியான எண்ணெய்க்குத் தாளின் பரப்பு அதிகம் வேண்டும். அதனால் அதே மைக்ரானில் பெரிய ஃபில்டராகப் பாருங்கள்.

உடம்பு எந்த உலோகம் என்று கேளுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகிய மூன்றும் சூடான எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துப் பிசினாக்கும். அலுமினியமோ எவர்சில்வரோ நல்லது. சாதாரண ரப்பர் குழாய் சூடான எண்ணெயில் ஊறி இளகும். விட்டான் வகைக் குழாய் கேளுங்கள். கடைசியாக, மாற்றுத் தாள் திருப்பூரிலோ கோவையிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும் நமக்கு ஆகாது.

ஃபில்டர் செய்யாத வேலை

சூடு ஃபில்டர் கடைசி வாசல் காவல்காரர். அழுக்கு எண்ணெயைச் சுத்தம் செய்வது அவர் வேலையல்ல. அது பம்ப் ரூமுக்கு வெளியே முடிந்திருக்க வேண்டும். மீந்த எண்ணெயை உயரமான டிரம்மில் ஊற்றி இரண்டு வாரமாவது அசையாமல் வையுங்கள். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துத் துணியிலும், பிறகு 5 மைக்ரான் பையிலும் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் வண்டலும் தண்ணீரும் எஞ்சினுக்கு ஆகாதவை.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நம் வீட்டுப் பெண்கள் அறிந்த வழியே போதும். காய்ந்த இரும்புச் சட்டியில் இரண்டு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். எஞ்சின் ஆயிலை வழக்கத்தைவிட முன்னதாக மாற்றுங்கள். குச்சியில் தொட்டால் நூலாக இழுத்தால் அன்றே மாற்ற வேண்டும்.

எந்த எண்ணெய், யாருடைய எண்ணெய்?

கடையில் விற்கும் புது எண்ணெயின் விலை டீசலைவிட அதிகம். காங்கயம் ஆலைகளில் மலைபோல் கொப்பரை குவிந்திருந்தாலும், தேங்காய் எண்ணெயை எஞ்சினில் ஊற்றுவது இன்றைய விலையில் நட்டம்தான். ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் ஏழையின் அடுப்புக்கு வந்தது. அதை வாங்கி எஞ்சினில் ஊற்றுவது குற்றம், சட்டப்படியும் நியாயப்படியும்.

மீந்த எண்ணெய்க்கும் விதி உண்டு. 25 சதவீதத்துக்கு மேல் கெட்டுப்போன கூறுகள் சேர்ந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தடை விதித்தது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு எழுதி, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கேன் தூக்கிக்கொண்டு போகும் நம் தம்பிகள் முதலில் அந்தப் பதிவைப் பெற வேண்டும். ஓட்டிச் சேமிப்பதைவிட, பதிவு பெற்றுச் சேகரித்து பயோடீசல் ஆலைக்குக் கொடுப்பது நல்ல தொழிலாகவும் அமையலாம்.

இன்னொரு வழி புங்கன். ரோட்டோரத்திலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் மரம், சாப்பிடாத எண்ணெய். அன்றைய ஆந்திரத்தின் ஆதிலாபாத்தில் பவர்குடா என்ற ஆதிவாசிச் சிற்றூரின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து புங்கன் விதை ஆட்டினார்கள். டீசலுக்குப் பதில் அந்த எண்ணெய் எரிவதால் குறையும் 147 டன் கரியமில வாயுக்கு ஈடாக, 2003இல் உலக வங்கி அவர்களுக்கு 645 டாலர் கொடுத்தது. தொகை பெரிதல்ல. ஆனால் மரமும் செக்கும் கணக்கும் அந்தப் பெண்களின் கையில் இருந்தன.

இதற்கு நேர் எதிரானது காட்டாமணக்குக் கதை. 2000களில் அரசும் கம்பெனிகளும் 'தரிசில் தங்கம்' என்பதுபோல் அதைப் பரப்பின. அன்றைய கோவை மாவட்டத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு என்றும், வசதியுள்ளவருக்கே அது தோதானது என்றும் அது காட்டியது. மேலும், 'தரிசு' என்று காகிதத்தில் எழுதப்படும் நிலத்தில்தான் நம் ஆடு மேய்கிறது. நம் அடுப்புக்கு விறகு வருகிறது. எண்ணெய்ப் பயிர் என்று யார் வந்தாலும், நிலம் யார் பெயரில் என்று முதலில் கேட்க வேண்டும்.

சட்டமும் கடனும்

ஆர்.சி. புத்தகத்தில் 'டீசல்' என்று பதிவான வண்டியின் எரிபொருள் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது. விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பதும் சிக்கலாகும். வண்டியை மடக்கும்போது யாரிடம் முதலில் காகிதம் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ரோட்டில் ஓடும் வண்டியில் இந்த வேலை வேண்டாம். நின்ற இடத்தில் ஓடும் பழைய எஞ்சினில் மட்டும் செய்யுங்கள். கடன் தவணை முடியாத, வாரண்டி உள்ள எஞ்சினில் கை வைக்காதீர்கள்.

ஃபில்டர் வாங்கும் முன் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த எஞ்சினே எனக்குத் தேவையா? பட்டியல் சமூக விவசாயிகளுக்குத் தாட்கோ வழியாகத் துரித மின் இணைப்புக்கு 90 சதவீத மானியம் உண்டு. சொந்தத் தொழில் தொடங்க 'அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ்' திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்ட தாட்கோ அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டால் விவரம் கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள், மனுவுக்கு ரசீது வாங்குங்கள்.

இவையெல்லாம் பார்த்த பிறகும் எண்ணெயில் ஓட்டுவதுதான் தோது என்று தெரிந்தால் தயங்க வேண்டாம். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு இருவர் மூவர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, பழைய எஞ்சின் ஒன்றில் முதலில் செய்து பாருங்கள். எத்தனை மணி ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது, எந்தத் தேதியில் ஃபில்டர் மாற்றினோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை அடுத்த காலனிக்குக் கொடுங்கள். விற்பவர் சொல்லும் வார்த்தையைவிட அந்த நோட்டு நம்பகமானது. ஒழுகாத பறி தைத்த கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு, அடைக்காத ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எட்டாத வித்தையல்ல.